வால்பரைசோவில் ஒரு பகல்

சிலி நாட்டின் வால்பரைசோ துறைமுகத்தில் கப்பலை விட்டிறங்கிக் கழிக்கும் ஒரு பகலைப் பற்றி வாசகர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு இந்த இதழில் பதில் தருகிறேன்.

கேள்வி: நானும் என் மனைவியும் வரும் பிப்ரவரியில் அர்ஜென்டினாவின் புவனஸ் ஐரிஸில் கப்பலேறி, தென் அமெரிக்காவின் தென்கோடியிலுள்ள ஹார்ன் முனையைச் சுற்றிக்கொண்டு பெரு நாட்டின் காலாவோ வரை செல்லவிருக்கிறோம். வழியில் வால்பரைசோவில் காலை 8 மணி முதல் மாலை 6 மணி வரை கப்பல் நிற்கும். அங்கிருந்து தலைநகர் சாண்டியாகோவுக்குப் பேருந்துச் சுற்றுலா இருக்கிறது. தலைநகரைப் பார்க்காமல் திரும்பினால் சிலிக்குப் போனதாகவே ஆகாது என்கிறார்கள் உறவினர்கள். தங்கள் கருத்து என்ன? (வாசகர், கோயம்புத்தூர்)

பதில்: வால்பரைசோவிலேயே இருங்கள் என்பதுதான் என் உறுதியான கருத்து.

முதலில் நேரக் கணக்கைப் பார்ப்போம். கப்பல் எட்டு மணிக்கே கரையில் கட்டப்பட்டாலும், அதிகாரிகளின் அனுமதி வந்து, வரிசையில் நின்று இறங்கி, சரக்குப் பெட்டகங்களும் பளுதூக்கிகளும் இயங்கும் துறைமுகத்துக்குள் நடக்க விடமாட்டார்கள் என்பதால் அவர்கள் விடும் பேருந்தில் ஏறிப் பயணியர் முனையத்தை அடைந்து, அங்குள்ள சோதனையையும் முடித்து வெளியே வருவதற்குள் ஒன்பது மணி தாண்டிவிடும். ஆறு மணிக்குப் புறப்படும் கப்பலில் ஐந்து அல்லது ஐந்தரைக்குள் எல்லோரும் ஏறியிருக்க வேண்டும். சாண்டியாகோ சுமார் 115 கிலோமீட்டர் தொலைவில் இருக்கிறது; நெடுஞ்சாலை நன்றாக இருந்தாலும் போக ஒன்றரை மணி நேரம், வர ஒன்றரை மணி நேரம், நகருக்குள் நெரிசல் இருந்தால் இன்னும் கூடுதல். மிஞ்சுவது நான்கைந்து மணி நேரம். அதிலும் சாப்பாட்டுக்கு ஒரு மணி நேரம் போய்விடும். எழுபது லட்சம் மக்கள் வாழும் பெருநகரத்துக்கு இது போதாது.

நேரத்தைவிட முக்கியமான காரணம் ஒன்று உண்டு. ஹார்ன் முனையைச் சுற்றிக் கடல் வழியாக வரும் உங்களைப் போன்ற பயணிகளை வைத்தே எழும்பிய ஊர் இது. பனாமா கால்வாய் வெட்டப்படுவதற்கு முன், அட்லாண்டிக் கடலிலிருந்து பசிபிக் கடலுக்கு வரவேண்டிய பாய்மரக் கப்பல்கள் கண்டத்தின் தென்கோடியைச் சுற்றித்தான் வந்தாக வேண்டும். மேலைக் காற்றுக்கு எதிராக வாரக்கணக்கில் போராடி, கிழிந்த பாய்களோடும் உடைந்த பாய்மரங்களோடும் வந்த கப்பல்களுக்குத் தண்ணீரும் உணவும் பழுதுபார்க்கும் தச்சரும் கிடைத்த பெரிய துறைமுகம் வால்பரைசோ. 1818-இல் சிலி விடுதலை பெற்று வணிகத்தைத் திறந்துவிட்டதும் ஆங்கிலேயரும் ஜெர்மானியரும் இத்தாலியரும் இங்கே வந்து கிடங்கு கட்டினார்கள். 1848-இல் கலிபோர்னியாவில் தங்கம் கிடைத்த செய்தி பரவியபோது, அங்கே குவிந்த கூட்டத்துக்குச் சிலியின் கோதுமையும் மாவும் இந்தத் துறைமுகம் வழியாகவே போயின.

அந்தச் செழிப்பின் தடங்கள் இன்றும் இருக்கின்றன. 1827-இல் தொடங்கிய எல் மெர்க்குரியோ டி வால்பரைசோ, ஸ்பானிய மொழியில் இடைவிடாது வெளிவரும் நாளிதழ்களில் உலகிலேயே மிகப் பழமையானது. 1851-இல் சிலியின் முதல் தன்னார்வத் தீயணைப்புப் படை இங்கேதான் அமைந்தது. இன்றளவும் அந்நாட்டுத் தீயணைப்பு வீரர்கள் சம்பளம் வாங்காத தன்னார்வலர்கள் என்பதை அறிந்தபோது எனக்கு அவர்கள்மீது பெரும் மதிப்பு உண்டாயிற்று. 1892-இல் தோன்றிய, நாட்டின் மிகப் பழைய கால்பந்துக் கழகமும் இவ்வூருடையதுதான்.

பின்னர் இரண்டு அடிகள் விழுந்தன. 1906 ஆகஸ்ட் 16-ஆம் தேதி நிகழ்ந்த நிலநடுக்கம் நகரின் பெரும்பகுதியை இடித்துத் தள்ளி ஆயிரக்கணக்கானோரைப் பலிகொண்டது. மக்கள் அதிலிருந்து எழுந்து மீண்டும் கட்டிக்கொண்டிருந்தபோதே, 1914 ஆகஸ்ட் 15-ஆம் தேதி பனாமா கால்வாய் திறக்கப்பட்டது. இடிந்ததைக் கட்டிவிடலாம், கப்பல்கள் வேறு வழியில் போகத் தொடங்கிவிட்டால் துறைமுகம் என்ன செய்ய முடியும்? வணிகக் குடும்பங்கள் சாண்டியாகோவுக்கும் பக்கத்து ஊரான வீன்யா தெல் மாருக்கும் குடிபெயர்ந்தன. புதிதாகக் கட்டப் பணமில்லாமல் போனதாலேயே பழைய வீடுகளும் படிக்கட்டுகளும் மலையேற்ற வண்டிகளும் இடிபடாமல் நின்றன. அவற்றுக்காகவே 2003-இல் யுனெஸ்கோ இதன் பழைய பகுதியை உலகப் பாரம்பரியச் சின்னங்களின் பட்டியலில் சேர்த்தது. ஹார்ன் முனையின் அலைகளைப் பார்த்த சில நாள்களிலேயே இந்த ஊரில் இறங்கும் வாய்ப்பு உங்களுக்குக் கிடைக்கிறது. விமானத்தில் வந்து காரில் இறங்கும் பயணிக்கு இது கிடைப்பதில்லை. அதைப் பேருந்து இருக்கையில் கழித்துவிடாதீர்கள்.

நான் சொல்லும் வழி இது. முனையத்திலிருந்து டாக்சியிலோ, தலைக்குமேல் செல்லும் மின்கம்பியால் ஓடும் ட்ராலி பேருந்திலோ சோட்டோமயோர் சதுக்கத்துக்குச் செல்லுங்கள். ட்ராலி பேருந்து இங்கே 1952-ஆம் ஆண்டின் கடைசி நாளில் தொடங்கியது; அக்காலத்தில் அமெரிக்காவில் கட்டப்பட்ட வண்டிகள் சில இன்னும் ஓடுவதால், அப்படி ஒன்று கிடைத்தால் விடாதீர்கள். சதுக்கத்தின் நடுவிலுள்ள நினைவுச் சின்னம், 1879 மே 21-ஆம் தேதி இக்கீக்கே கடற்போரில் பெரு நாட்டின் இரும்புக் கவசப் போர்க்கப்பலான வாஸ்காரை எதிர்த்து எஸ்மரால்டா என்ற பழைய மரக்கப்பலிலிருந்து போரிட்டு உயிர்நீத்த அர்த்தூரோ பிராட் என்ற தளபதிக்கும் அவர் வீரர்களுக்கும் எழுப்பப்பட்டது. பிராட்டின் உடலும் வீரர்கள் சிலரின் உடல்களும் அதன் அடியிலேயே இருக்கின்றன. அருகிலுள்ள எல் பெரால் என்ற மலையேற்ற வண்டியில் செர்ரோ அலெக்ரே குன்றின்மேல் ஏறி, பாபுரீட்சா மாளிகையின் முன்னால் நின்று துறைமுகத்தைப் பாருங்கள். வெடியுப்பு வணிகத்தில் செல்வம் சேர்த்த ஒரு குரோவேஷியரின் இல்லமாக இருந்த அந்த மாளிகை இப்போது ஓவியக் கூடம். அங்கிருந்து அடுத்த குன்றான செர்ரோ கான்செப்சியோனுக்கு நடந்தே செல்லலாம். தகரம் போர்த்திய பல வண்ண வீடுகள், 1858-இல் கட்டப்பட்ட ஆங்கிலேயரின் புனித பவுல் தேவாலயம், லூத்தரன் கோயில் எல்லாம் சில தெருக்களுக்குள் அடங்கிவிடும். அக்காலத்தில் கத்தோலிக்கர் அல்லாதார் வெளிப்படையாக வழிபடச் சட்டம் இடங்கொடுக்காததால் அந்த ஆங்கிலத் தேவாலயம் கோபுரம் இன்றி எளிய முகப்போடு கட்டப்பட்டிருப்பதைக் கவனியுங்கள். பகலுணவை அங்கேயே முடித்துக்கொண்டு கான்செப்சியோன் வண்டியில் கீழே இறங்கினால், பிராட் படகுத்துறையிலிருந்து புறப்படும் படகில் அரைமணி நேரம் வளைகுடாவைச் சுற்றிவரலாம். மேலே நின்று பார்த்த ஊரைத் தண்ணீரிலிருந்து பார்க்கும்போதுதான், வீடுகள் ஏன் ஒன்றன் தோள்மேல் ஒன்றாக ஏறி நிற்கின்றன என்பது விளங்கும். கடலுக்கும் குன்றுக்கும் நடுவே சமதளம் ஒரு குறுகிய பட்டைதான். அதிலும் ஒரு பகுதி கடலைத் தூர்த்துப் பெற்றது.

கேள்வி: என் தாயாருக்கு வயது 70, முழங்கால் வலி உண்டு. குன்றுகள் நிறைந்த ஊர் என்கிறார்கள். அவரை அழைத்துச் செல்ல முடியுமா? (வாசகி, ஈரோடு)

பதில்: முடியும், அந்த ஊரே மலையேற்ற வண்டிகளால்தான் வாழ்ந்தது. அசென்சோர் என்று அவர்கள் அழைக்கும் இவ்வண்டியைப் பழனி மலையின் விஞ்சில் ஏறியவர்கள் பார்த்தவுடனே புரிந்துகொள்வார்கள். சரிவான தண்டவாளத்தில் இரண்டு பெட்டிகள் ஒரே கம்பிவடத்தின் இரு முனைகளில் கட்டப்பட்டிருக்கும்; ஒன்று இறங்கும் எடை மற்றொன்றை மேலே தூக்கும், வித்தியாசத்தை மட்டும் இயந்திரம் ஈடுசெய்யும். முதல் வண்டியான கான்செப்சியோன் 1883 டிசம்பர் 1-ஆம் தேதி ஓடத் தொடங்கியது. எல் பெரால் 1902-இலும் ரெய்னா விக்டோரியா 1903-இலும் வந்தன. ஒரு காலத்தில் முப்பதளவுக்கு இருந்தவை படிப்படியாகக் குறைந்து, இன்று ஓடுபவை அதில் ஒரு பகுதியே. பொலாங்கோ என்ற ஒன்று மட்டும் சரிவில் ஓடாமல் நேர் செங்குத்தாக ஏறுகிறது. மலைக்குள் குடைந்த சுரங்கப் பாதை வழியே நடந்து போய் அதில் ஏற வேண்டும்.

பயண நேரம் ஒன்றிரண்டு நிமிடம்தான். கட்டணம் மிகக் குறைவு. சில்லறைக் காசாக வைத்திருங்கள். பழுதுபார்ப்புக்காக எந்த வண்டி எந்த மாதத்தில் நிற்கும் என்பது மாறிக்கொண்டே இருப்பதால், முனையத்திலுள்ள சுற்றுலா விவரக் கூடத்தில் அன்று காலையே கேட்டுவிடுங்கள். ஏறும் இடத்திலும் இறங்கும் இடத்திலும் சில படிகள் இருக்கும். குன்றின்மேல் கல் பாவிய தெருக்கள் சமமாக இரா. ஆகவே தாயாரைப் பாபுரீட்சா மாளிகையின் முன்னுள்ள நடைமேடையிலும் ஹெர்வாசோனி நடைமேடையிலும் அமர வைத்துவிட்டு நீங்கள் மட்டும் தெருக்களைச் சுற்றி வரலாம். இரண்டும் வண்டியிலிருந்து இறங்கும் இடத்திலேயே இருக்கின்றன, இருக்கைகளும் உண்டு, துறைமுகம் முழுவதும் தெரியும். குன்றிலிருந்து குன்றுக்கு டாக்சி வைத்துக்கொள்ளுங்கள். படகில் ஏறி இறங்கும் படி ஈரமாகவும் உயரமாகவும் இருக்கும் என்பதால் அதை அவருக்கு நான் பரிந்துரைக்க மாட்டேன்.

கேள்வி: ஒரே ஒரு பகலுக்கு விசா தேவையா? வழிக்கு எடுத்துச் செல்லும் ஊறுகாய், பொடி வகைகளைக் கரைக்குக் கொண்டுபோகலாமா? (வாசகர், சென்னை)

பதில்: ஒரு பகல்தானே என்பதற்காக விலக்கு கிடைக்கும் என்று எண்ணிவிடாதீர்கள். கரையில் கால் வைக்காமல் கப்பலிலேயே இருக்கப் போவதாகச் சொன்னாலும், பயணத் திட்டத்திலுள்ள ஒவ்வொரு நாட்டுக்கும் உரிய அனுமதி கடவுச்சீட்டில் இல்லையென்றால் முதல் துறைமுகத்திலேயே ஏற்ற மறுக்கும் கப்பல் நிறுவனங்கள் உண்டு. அர்ஜென்டினா, உருகுவே, சிலி, பெரு என நான்கு நாடுகள் வந்தால் நான்கின் விதிகளையும் தனித்தனியே அவ்வத் தூதரகங்களில் எழுத்து மூலம் கேட்டு உறுதிசெய்துகொண்ட பிறகு பயணச் சீட்டுக்குப் பணம் கட்டுங்கள்.

உணவு விஷயத்தில் சிலியின் கண்டிப்பு எல்லாப் பயணிகளும் அறிய வேண்டியது. திராட்சை, செர்ரி, ஆப்பிள் ஏற்றுமதியில் பெரும் வருவாய் ஈட்டும் நாடு அது. வடக்கே பாலைவனம், கிழக்கே ஆண்டிஸ் மலை, மேற்கே கடல் என இயற்கையே அரண் செய்திருப்பதால் பல பயிர்ப் பூச்சிகள் உள்ளே வராமல் காத்துவருகிறார்கள். குறிப்பாகப் பழ ஈயைக் கண்டால் மாவட்டமே விழித்துக்கொள்ளும். எனவே பழம், காய், விதை, பால் பொருள், இறைச்சி, தேன் முதலியவற்றைப் பற்றி உறுதிமொழிப் படிவத்தில் தெரிவிக்க வேண்டும். மோப்ப நாய்களும் ஊடுகதிர்ச் சோதனையும் இருக்கும். தெரிவிக்காமல் கொண்டுபோய்ப் பிடிபட்டால் அபராதம் பெரியது. கப்பலின் காலை உணவு மேசையிலிருந்து எடுத்துப் பைக்குள் போட்டு மறந்துபோன ஓர் ஆப்பிளே பலருக்கு அபராதம் வாங்கித் தந்திருக்கிறது. ஊறுகாயையும் பொடியையும் வற்றலையும் அறையிலேயே விட்டுச் செல்லுங்கள். படிவத்தில் ஐயம் இருந்தால் 'ஆம்' என்று குறித்து அதிகாரியிடம் காட்டிவிடுவதே நல்லது. பொருள் போகுமே தவிர அபராதம் வராது.

கேள்வி: வால்பரைசோவில் கவிஞர் பாப்லோ நெருடாவின் வீடு இருக்கிறது. அவர் கொழும்பில் வாழ்ந்தபோது ஒரு தமிழ்ப் பெண்ணுக்கு இழைத்ததைப் பற்றி அறிந்த பின், அந்த வீட்டுக்குப் போவது சரியா என்று என் மனம் ஒப்பவில்லை. தாங்கள் என்ன நினைக்கிறீர்கள்? (வாசகி, யாழ்ப்பாணம்)

பதில்: இக்கேள்வியைக் கேட்டதற்கு நன்றி. இதை அறியாத வாசகர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்கிறேன். நெருடா 1929-இல் சிலியின் தூதரக அதிகாரியாகக் கொழும்பில் பணியாற்றி, வெள்ளவத்தையில் கடலோரமாக ஒரு வீட்டில் வாழ்ந்தார். அந்த வீட்டின் கழிப்பறையைத் துப்புரவு செய்ய ஒவ்வொரு நாளும் விடியலில் ஒரு பெண் வந்துபோனார். அவர் தமிழர், ஒடுக்கப்பட்ட சாதியைச் சேர்ந்தவர் என்று நெருடாவே குறிப்பிடுகிறார். அப்பெண் தம்மைத் திரும்பியும் பார்க்காத நிலையில், ஒரு நாள் காலையில் கையைப் பற்றி இழுத்துச் சென்றதையும், அவர் கண்களைத் திறந்தபடி சிலை போல் அசைவற்று இருந்ததையும், தம்மை அவர் வெறுத்தது நியாயமே என்பதையும் நெருடா தம் நினைவுக் குறிப்புகளில் எழுதியுள்ளார். அந்நூல் அவர் மறைந்த அடுத்த ஆண்டு, 1974-இல் வெளிவந்தது. அது வன்புணர்ச்சி, வேறு சொல்லால் அதை மூடக்கூடாது. அரசதிகாரியான வெளிநாட்டு ஆண் ஒருபுறம், மலம் அள்ளும் வேலைக்குத் தள்ளப்பட்ட பெண் மறுபுறம். அப்பெண் யாரிடம் முறையிட்டிருக்க முடியும்? அவர் பெயரைக்கூட அந்த எழுத்து நமக்குத் தரவில்லை.

பல பத்தாண்டுகள் அந்தப் பக்கத்தை வாசகர்கள் கடந்து போனார்கள். 2018-இல் சாண்டியாகோ விமான நிலையத்துக்கு நெருடாவின் பெயரைச் சூட்டும் யோசனை சிலியின் நாடாளுமன்றத்தில் எழுந்தபோது, அந்நாட்டுப் பெண்ணுரிமை இயக்கத்தினர் இதே பக்கத்தை எடுத்துக்காட்டி எதிர்த்தார்கள். விமான நிலையத்தின் பெயர் மாறவில்லை. நம் பெண் ஒருத்திக்காக உலகின் மறுகோடியிலுள்ள பெண்கள் குரல் கொடுத்தார்கள் என்பதை நம்மவர்கள் அறிய வேண்டும்.

இனி அந்த வீட்டைப் பற்றி. லா செபாஸ்தியானா என்ற அந்த இல்லத்தை நெருடா 1959-இல் கட்டி முடியாத நிலையில் நண்பர்களோடு சேர்ந்து வாங்கி, 1961 செப்டம்பர் 18-ஆம் தேதி, நாட்டின் விடுதலைத் திருநாளில், திறப்பு விழா நடத்தினார். தொடங்கிக் கட்டிய ஸ்பானியக் கட்டடக்காரர் செபாஸ்தியான் கொய்யாதோவின் பெயரையே அதற்கு வைத்தார். 1973-இல் இராணுவம் ஆட்சியைக் கைப்பற்றிய பின் சூறையாடப்பட்ட வீடு, பின்னர் சீரமைக்கப்பட்டு அருங்காட்சியகமாகியது. குறுகலான படிகள், மாடிக்கு மாடி அகன்று விரியும் கடற்காட்சி, கப்பல் அறையைப் போன்ற அமைப்பு, உலகெங்கிலுமிருந்து சேகரித்த பொருள்கள் என்று ஒரு மணி நேரத்துக்கு உரியவை அங்கே உண்டு. திங்கட்கிழமைகளில் மூடியிருக்கும்.

போகாமல் இருப்பது முழுக்கச் சரியான முடிவு. அதற்கு எவரிடமும் நீங்கள் விளக்கம் தர வேண்டியதில்லை. ஆனால் போவதாக இருந்தால், அந்தப் பக்கத்தை மனத்தில் வைத்துக்கொண்டே போகலாம் என்பது என் கருத்து. உழைப்பாளர்களின் துயரத்தைப் பாடிய அந்தக் கவிஞர்தான், தம் வீட்டிலேயே உழைத்த ஒரு பெண்ணுக்கு இதைச் செய்தார். ஒன்றைச் சொல்லி மற்றொன்றை விட்டுவிட்டால் இரண்டுமே பொய்யாகிவிடும். அங்குள்ள ஊழியர்களிடமோ உங்கள் வழிகாட்டியிடமோ கொழும்பைப் பற்றிக் கேளுங்கள். கேட்கிறவர் யாழ்ப்பாணத்துத் தமிழ்ப் பெண் என்பதற்கு ஒரு வலிமை உண்டு. வீட்டுக்குள் போக மனமில்லையென்றால், அதே குன்றுச் சரிவில் கீழே பெயவிஸ்தா பகுதியிலுள்ள திறந்தவெளி ஓவியக் கூடத்துக்குச் செல்லுங்கள். ரோபெர்த்தோ மத்தா முதலான சிலி ஓவியர்களின் படைப்புகள் தெருச் சுவர்களிலும் படிக்கட்டுகளிலும் தீட்டப்பட்டுள்ளன. நுழைவுக் கட்டணம் கிடையாது.

கேள்வி: நாங்கள் சைவ உணவினர். முட்டையும் சாப்பிடுவதில்லை. பகல் முழுதும் பட்டினி கிடக்க நேருமா? (வாசகர், கும்பகோணம்)

பதில்: நேராது, ஆனால் கேட்டுத் தெளிந்து உண்ண வேண்டும். ஊரின் புகழ்பெற்ற உணவான சொர்ரியானா, வறுத்த உருளைக்கிழங்கின்மேல் இறைச்சியும் வெங்காயமும் முட்டையும் குவித்தது. அது உங்களுக்கு ஆகாது. கோடைக் காலத்தில் கிடைக்கும் பொரோத்தோஸ் கிரானாதோஸ் என்ற குழம்பு, பச்சை மொச்சை போன்ற பயறும் மக்காச்சோளமும் பரங்கிக்காயும் துளசி வகை இலையும் சேர்ந்தது. நம் நாக்குக்கு மிகவும் ஏற்றது. அரைத்த இளஞ்சோளத்தை அதன் தோகையிலேயே பொதிந்து வேகவைக்கும் உமித்தாவும் நல்லது. இவற்றில் சில கடைகளில் பன்றிக் கொழுப்பு சேர்ப்பதால் 'மன்த்தேகா' இருக்கிறதா என்று கேளுங்கள். பாலாடைக்கட்டி அடைத்துப் பொரித்த எம்பனாதா எங்கும் கிடைக்கும். மாவில் முட்டை உண்டா என்பதை மட்டும் விசாரியுங்கள். வெண்ணெய்ப்பழத்தை மசித்து ரொட்டியில் தடவித் தருவது அவர்களின் அன்றாட உணவு. காரம் வேண்டுமென்றால் கொத்தமல்லி, வெங்காயம், மிளகாய் சேர்ந்த பெப்ரே என்ற துவையலையும், மப்புச்சே பழங்குடியினரின் புகையூட்டிய மிளகாய்ப் பொடியான மெர்க்கேனையும் கேட்டு வாங்குங்கள். உலர்ந்த பீச் பழத்தை ஊறவைத்த இனிப்பு நீரில் உமி நீக்கிய கோதுமையைப் போட்டுத் தரும் மோத்தே கோன் உவேசீயோ, வெயிலுக்கு இதமான பானம்.

'சைவம்' என்று பொதுவாகச் சொன்னால் மீனையும் கோழியையும் விலக்குவதாக எல்லோரும் புரிந்துகொள்வதில்லை. 'சின் கார்னே, சின் போயோ, சின் பெஸ்காதோ, சின் உவேவோ' என்று சொல்லுங்கள். இறைச்சி, கோழி, மீன், முட்டை எதுவும் வேண்டாம் என்பது தெளிவாகிவிடும். செர்ரோ அலெக்ரே, செர்ரோ கான்செப்சியோன் குன்றுகளில் காய்கறி உணவு தரும் சிற்றுண்டிச் சாலைகள் உள்ளன.

கேள்வி: 2004-ஆம் ஆண்டு ஆழிப்பேரலையில் உறவினர்களை இழந்தவன் நான். சிலியில் அடிக்கடி நிலநடுக்கமும் ஆழிப்பேரலையும் வரும் என்கிறார்களே, கடலோர ஊரில் இறங்க அச்சமாக இருக்கிறது. (வாசகர், நாகப்பட்டினம்)

பதில்: உங்கள் அச்சத்தை நான் சிறிதாக எண்ணவில்லை. நாஸ்கா புவித்தட்டு தென் அமெரிக்கத் தட்டின் அடியில் நுழைந்துகொண்டே இருப்பதால் சிலியின் கடற்கரை முழுவதும் நிலநடுக்கப் பகுதிதான். கருவிகளால் அளக்கப்பட்ட நிலநடுக்கங்களிலேயே மிகப் பெரியது, 9.5 அளவுடையது, 1960-இல் அந்நாட்டின் தெற்கே நிகழ்ந்தது. 2010 பிப்ரவரி 27-ஆம் தேதி 8.8 அளவிலும், 2015 செப்டம்பர் 16-ஆம் தேதி 8.3 அளவிலும் நிகழ்ந்தன. அதனாலேயே அந்நாட்டின் கட்டட விதிகளும் மக்களின் பயிற்சியும் உலகில் முன்னணியில் இருக்கின்றன.

ஒரு வேறுபாட்டை மட்டும் நினைவில் கொள்ளுங்கள். 2004-இல் நிலநடுக்கம் சுமத்ராவுக்கு அருகில் நிகழ்ந்ததால் அலை நம் கரைக்கு வந்து சேர இரண்டு மணி நேரத்துக்கும் மேலாயிற்று; எச்சரிக்கை இல்லாததே பேரிழப்புக்குக் காரணம். சிலியில் பிளவு கரைக்கு மிக அருகில் இருப்பதால் அலை வருவதற்குச் சில நிமிடங்களே இருக்கலாம். ஆகவே, நிற்க முடியாத அளவுக்கு நிலம் ஆடினால் சங்கொலிக்கும் கைபேசிச் செய்திக்கும் காத்திராமல் குன்றின்மேல் ஏறத் தொடங்குங்கள். கடல் மட்டத்திலிருந்து 30 மீட்டர் உயரத்தைப் பாதுகாப்பான எல்லையாக அவர்கள் வகுத்திருக்கிறார்கள். எந்தத் தெரு வழியாக ஏற வேண்டும் என்று அம்புக்குறியிட்ட பலகைகளைத் தெருமுனைகளில் பார்ப்பீர்கள். மலையேற்ற வண்டியை நம்பாமல் படிக்கட்டில் ஏறுங்கள். கப்பலை நோக்கி ஓடாதீர்கள். எச்சரிக்கை வந்தால் கப்பல்கள் துறையை விட்டு ஆழ்கடலுக்கு விலகிச் சென்றுவிடும். குன்றுகள் தெருவின் ஓரத்திலேயே தொடங்கும் வால்பரைசோவில் உயரத்தை அடைவது பல கடலோர ஊர்களைவிட எளிது. குடும்பத்தோடு இறங்கும்போது, பிரிந்துவிட்டால் எந்தக் குன்றில் சந்திப்பது என்று முன்கூட்டியே பேசிக்கொள்ளுங்கள்.

கேள்வி: திருட்டு அதிகமாமே? (வாசகர், சேலம்)

பதில்: கைபேசியையும் கேமராவையும் பறித்துக்கொண்டு ஓடுவது நடக்கிறது. நகைகளை அறையிலேயே வைத்துவிட்டு, கடவுச்சீட்டின் நகலும் ஒரு நாளுக்கான பணமும் மட்டும் எடுத்துச் செல்லுங்கள். உங்கள் சட்டையில் எதையோ கொட்டிவிட்டுத் துடைத்துவிட வருபவரிடமிருந்து விலகி நடங்கள். லா மாத்ரிஸ் தேவாலயத்தைச் சுற்றியுள்ள பழைய துறைமுகப் பகுதிக்கு வழிகாட்டியோடு பகலில் மட்டும் செல்லுங்கள். குன்றுகளின் மேல்மட்டத்தில் இருப்பவை ஏழை மக்களின் குடியிருப்புகள். 2014 ஏப்ரலில் அங்கே பரவிய தீ ஏறத்தாழ மூவாயிரம் வீடுகளைச் சாம்பலாக்கியது. வேடிக்கை பார்க்கவும் படம் எடுக்கவும் அங்கே ஏற வேண்டாம்.

கேள்வி: பேரப்பிள்ளைகள் கடலில் குளிக்க விரும்புகிறார்கள். எங்கே செல்லலாம்? (வாசகி, சிங்கப்பூர்)

பதில்: பக்கத்து ஊரான வீன்யா தெல் மாரில் மணற்கரை உண்டு, புறநகர் ரயிலில் இருபது நிமிடம். ஆனால் தென்துருவப் பக்கத்திலிருந்து வரும் ஹம்போல்ட் நீரோட்டத்தால் கோடையிலும் கடல்நீர் சுமார் 15 டிகிரிதான் இருக்கும். உங்கள் ஊர்க் கடலில் விளையாடிப் பழகிய பிள்ளைகள் முழங்கால் வரை இறங்குவதே பெரிது. அலையின் இழுப்பும் வலியது. அதற்குப் பதிலாக அங்குள்ள ஃபோங்க் அருங்காட்சியகத்துக்கு அழைத்துச் செல்லுங்கள். பசிபிக் கடலிலுள்ள ஈஸ்டர் தீவிலிருந்து கொண்டுவந்த, 'மோவாய்' எனப்படும் பெரிய கற்சிலை ஒன்று அதன் முற்றத்திலேயே நிற்கிறது. காலையில் மூடுபனியும் குளிரும், நண்பகலுக்குமேல் கடும் வெயிலுமாக இருக்கும். மெல்லிய மேலாடையும் தொப்பியும் இரண்டுமே வேண்டும்.

கேள்வி: தனியாகச் சுற்றிவிட்டுத் திரும்பத் தாமதமானால் கப்பல் காத்திருக்குமா? (வாசகர், திருநெல்வேலி)

பதில்: கப்பல் நிறுவனம் நடத்தும் சுற்றுலாவில் சென்றவர்களுக்காகப் பெரும்பாலும் காத்திருக்கும், தனியாகச் சென்றவர்களுக்காகக் காத்திருக்காது. முனையத்திலிருந்து கப்பலுக்குச் செல்லும் பேருந்து வரிசையையும் கணக்கில் சேர்த்து, குறித்த நேரத்துக்கு ஒன்றரை மணி நேரம் முன்பே முனையத்தில் இருங்கள். புறப்படும்போதே மற்றொன்றையும் பாருங்கள்: சில கப்பல்கள் வால்பரைசோ என்று விளம்பரம் செய்துவிட்டு, தெற்கே சுமார் நூறு கிலோமீட்டரில் உள்ள சான் அந்தோனியோ துறைமுகத்தில் நிற்பதுண்டு. அப்படியென்றால் மேலே சொன்ன திட்டம் முழுவதையும் மாற்ற வேண்டியிருக்கும், திரும்பும் நேரமும் கூடும். கப்பலில் தினமும் தரும் நிகழ்ச்சித் தாளில் துறைமுக முகவரின் பெயரும் தொலைபேசி எண்ணும் அச்சிடப்பட்டிருக்கும். அதைக் கிழித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொள்ளுங்கள். கப்பல் போய்விட்டால் முதலில் அழைக்க வேண்டியவர் அவர்தான். அடுத்த துறைமுகம் பெரு நாட்டில் இருக்குமாதலால், கடவுச்சீட்டு கையில் இல்லாமல் விமானம் ஏறி அங்கே போய்க் கப்பலைப் பிடிக்க முடியாது. கடவுச்சீட்டைக் கப்பல் அலுவலகமே வாங்கி வைத்திருக்கிறதா, அப்படியென்றால் தவறவிட்ட பயணியின் கடவுச்சீட்டை முகவரிடம் ஒப்படைத்துவிட்டுத்தான் புறப்படுவார்களா என்பதை இறங்குவதற்கு முதல் நாளே கேட்டு வையுங்கள்.